தாளும் சதுரமும்

பலெர்மோ மாநகரின் பழைய பகுதியை, ஸ்பானிய ராஜப் பிரதிநிதிகளின் ஆட்சியில் 1600-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பெற்ற மக்கேதா வீதி, அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட கஸ்ஸாரோ என்னும் நெடுவீதியைச் செங்குத்தாகக் கடந்து சென்று, இருமுறை மடித்துப் பிரித்த தாளைப் போல நான்கு கூறுகளாகப் பகுத்துவிட்டது. அந்நான்கனுள், நார்மானிய மன்னர்களின் அரண்மனையை ஒட்டிக் கிடப்பது அல்பெர்கேரியா. பல்லாரோ என்னும் பெருஞ்சந்தை கூடுவதும் அங்கேதான். 1980-களிலிருந்து ஈழத்தினின்றும் வந்து பலெர்மோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்வதும் அதன் பழைய வீடுகளிலும் சுற்றுத் தெருக்களிலுமேயாம். அங்குள்ள காகிதக் கடைகளில், நாம் இங்கே ஜெராக்ஸ் பேப்பர் என்று வழங்கும் ஏ4 தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பள்ளிக் குழந்தைகளுக்கான, ஐந்து மில்லிமீட்டர் கட்டம் போட்ட நோட்டுகளும் கிடைக்கும். ஆனால் ஓரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்பைக் கற்கப் புகும் குழந்தை முதலாவதாகக் கேட்பது சதுரத் தாள். கையில் இருப்பதோ 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உள்ள நீள்சதுரம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள சம்பந்தத்தை அறிந்தவர்க்குக் கத்தரிக்கோலின் வேலை பாதியாகக் குறைந்துவிடும் என்பதோடு, க்ஷேத்திர கணிதத்தின் சில அழகிய உண்மைகளும் கைப்படப் பிரத்தியட்சமாகும்.

ஏ4 தாளின் ஒரு மூலையைத் தூக்கி, குறுகிய விளிம்பு நீண்ட விளிம்பின்மேல் சரியாகப் பொருந்துமாறு வைத்து அழுத்தினால், 210 மி.மீ. சதுரம் ஒன்றின் மூலைவிட்டம் மடிப்புக் கோடாக விழுகிறது. இது எல்லோரும் செய்வதே. பலர் செய்யாத ஒன்றையும் இங்கே செய்து பார்க்கலாம்: அந்த மடிப்புக் கோட்டின்மேல் மற்றோர் ஏ4 தாளின் நீண்ட விளிம்பை வைத்து ஒப்பிட்டால், இரண்டும் கண்ணுக்குப் புலப்படும் வேற்றுமை எதுவுமின்றிச் சமமாக இருக்கும். சதுரத்தின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைப்போல் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.4142 மடங்கு, நீளமுள்ளது. 210-ஐ அதனால் பெருக்க வருவது 296.98. எனவே அந்நீள்சதுரத்தின் நீளம் தச்சனோ வியாபாரியோ மனம்போனபடி வைத்ததன்று. தன்னுள் அடங்கிய சதுரத்தின் மூலைவிட்டமே அதன் நீளமாக அமைந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் காரணத்தை அறிய, நம் அச்சகத்தார் இன்றும் மறவாத கிரவுன் தாளை எடுத்துக்கொள்வோம். அது 15 அங்குலத்துக்கு 20 அங்குலம். பக்கங்களின் விகிதம் மூன்றுக்கு நான்கு. அதைப் பாதியாக மடித்தால் 10-க்கு 15, அதாவது இரண்டுக்கு மூன்று என்று ஒல்லியாகிறது. மீண்டும் மடித்தால் 7½-க்கு 10 என்று பழைய உருவத்துக்கே திரும்புகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் உருவம் மாறி மாறி வருதலால், முழுத் தாளுக்கென வரைந்த சித்திரத்தைப் பாதித் தாளில் அப்படியே சுருக்கிவிட முடியாது. எத்தனை முறை பாதியாக்கினும் உருவம் மாறாத தாள் ஒன்று உண்டா என்று கேட்டால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமும், அகலத்துக்கும் பாதி நீளத்துக்கும் உள்ள விகிதமும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று ஆகிறது; அதிலிருந்து, நீளத்தின் வர்க்கம் அகலத்தின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கு என்பது ஒரே அடியில் கிடைத்துவிடும். ஜெர்மானியப் பேராசிரியரான லிக்டன்பெர்க் 1786-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இவ்விகிதத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். 1922-இல் வால்டர் போர்ஸ்ட்மன் என்பவர் இதனோடு மீட்டர் அளவையையும் இணைத்து, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளிலிருந்து பாதி பாதியாக இறங்கும் வரிசையை ஜெர்மனிக்கு வகுத்துக் கொடுத்தார்; 1975-இல் அதுவே சர்வதேசப் பிரமாணமாயிற்று. நான்கு முறை பாதியாக்கிய ஏ4, சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகையால் கட்டின்மேல் 80 கிராம் என்று அச்சிட்டிருந்தால் அதிலுள்ள ஒவ்வொரு தாளும் 5 கிராம் எடையுள்ளது என்று தராசு இன்றியே சொல்லிவிடலாம்.

காகிதத்தைப் பற்றிய கவலை இத்தாலிக்குப் புதியதன்று. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள காகித ஆவணங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, சிசிலியின் ஆட்சிப் பொறுப்பை வகித்த அதெலாசியா சீமாட்டி 1109-ஆம் ஆண்டில் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதுவித்த ஆணைக் கடிதம். அது பலெர்மோவின் அரசாங்க ஆவணக் களரியில் இன்றும் இருக்கிறது. அராபியர் கொணர்ந்த இந்தப் புதுப் பொருளின் உறுதியில் நம்பிக்கை பிறவாமையால், அதே சிசிலியின் மன்னரான இரண்டாம் பிரெடெரிக் 1231-இல் பொது ஆவணங்களைக் காகிதத்தில் எழுதலாகாது என்று சட்டமும் செய்தார். பின்னர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலோஞா நகரத்தார், அங்கே விற்கப்படும் நால்வகைத் தாள்களும் எவ்வளவு பெரியனவாக இருத்தல் வேண்டும் என்று கல்லில் நீள்சதுரங்களாகச் செதுக்கி வைத்தார்கள். அவற்றுள் பெரியது சுமார் 74 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உடையது. நான்கின் விகிதங்களும் ஏறக்குறைய 1.4-க்கும் 1.5-க்கும் இடையே ஊசலாடுகின்றனவே ஒழிய, ஒன்றின் பாதி துல்லியமாக மற்றொன்றாக அமையவில்லை. அளவை நிர்ணயித்தவர்கள் விகிதத்தை நிர்ணயிக்கவில்லை.

இனிச் சதுரத்துக்கு வருவோம். 210 மி.மீ. சதுரத்தை எடுத்துக்கொண்டபின் ஏ4 தாளில் மிஞ்சுவது 87 மி.மீ. அகலமுள்ள துண்டு, பரப்பில் நூற்றுக்கு 29 பங்குக்குச் சற்று மேல். பெரும்பாலோர் இதைக் குப்பையில் இட்டுவிடுகிறார்கள். ஆனால் அத்துண்டிலிருந்து 87 மி.மீ. சதுரங்கள் இரண்டு கிடைக்கும்; எஞ்சுவது 36 மி.மீ. அகலம். அதில் 36 மி.மீ. சதுரங்கள் இரண்டு, எஞ்சுவது 15. அதில் மறுபடியும் இரண்டு; எஞ்சுவது 6. மீண்டும் இரண்டு, எஞ்சுவது 3. முதற் சதுரம் ஒன்று, அதன்பின் எப்போதும் இரண்டிரண்டு என்னும் இந்த ஒழுங்கு, இரண்டின் வர்க்கமூலத்தின் சொந்த லட்சணம். உண்மையான வர்க்கமூலமாயின் இந்த இரண்டிரண்டு முடிவின்றிச் சென்றுகொண்டேயிருக்கும். நம் தாளோ முழு மில்லிமீட்டரில் வெட்டப்பட்டதாகையால், 6 மி.மீ. அகலமும் 3 மி.மீ. அகலமும் சரியாக வகுபட்டு, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 297-ஐயும் 210-ஐயும் மூன்றால் வகுத்தால் 99-ம் 70-ம் வரும். 99-இன் வர்க்கம் 9801. 70-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 9800. அலுவலகங்களில் தினந்தோறும் கசக்கி எறியப்படும் தாளுக்குள், பின்னமாக எழுத முடியாத எண்ணுக்கு இத்தனை நெருங்கிய பின்னம் ஒன்று உறங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராதது வியப்பே.

கடையில் ஓரிகாமிக்கென்றே விற்கும் தாள் பெரும்பாலும் 15 செ.மீ. சதுரம், சிறியதாக 7.5 செ.மீ., பெரியதாக 24, 35 செ.மீ. என்றும் உண்டு. புத்தகத்தில் 15 செ.மீ. என்று கண்டதும், அளவுகோலை எடுத்து ஏ4 தாளில் 150 மி.மீ. குறித்து வெட்டுவது நல்ல யோசனையன்று. இரண்டு சதுரங்களுக்கு 300 வேண்டும், இருப்பது 297, மூன்று மில்லிமீட்டருக்காக ஒரு சதுரம் முழுவதும் போய்விடும். தாளை முதலில் நடுவே மடித்து இரண்டு ஏ5 தாள்களாக்கி, ஒவ்வொன்றிலும் மூலை மடித்துச் சதுரம் எடுத்தால் 148 மி.மீ. சதுரங்கள் இரண்டு கிடைக்கும். மடித்துச் செய்யும் கொக்குக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் குறைவு தெரியப்போவதில்லை. ஏனெனில் மடிப்பானது விகிதத்தை மட்டுமே அறியும், மில்லிமீட்டரை அறியாது. பல சிறு துண்டுகளைக் கோத்துப் பந்தும் நட்சத்திரமும் செய்பவர்க்கு 99 மி.மீ. சதுரம் மிகவும் சௌகரியம்: நீளத்தை மூன்றாக வகுத்தால் மிச்சமே இல்லை; அகலத்தில் இரண்டு எடுத்தபின் 12 மி.மீ. நாடா ஒன்று மட்டும் போகிறது. 70 மி.மீ. ஆயின், அகலத்தில் மூன்று நேர்த்தியாக அமைந்து, பன்னிரண்டு சதுரங்கள் கிடைக்கும்.

எந்த உருவத்துக்கு எவ்வளவு பெரிய சதுரம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஊதினால் கனசதுரமாக உப்பும் காகிதப் பந்தின் பக்கம், எடுத்துக்கொண்ட தாளின் பக்கத்தில் சரியாக நாலில் ஒன்று. நான்கு மூலைகளையும் நடுவுக்குக் கொணர்ந்து செய்யும் மூடியில்லாப் பெட்டியின் அடித்தளம், தாளின் பக்கத்தை 2.83-ஆல் வகுத்த அளவினது; உயரம் அதில் பாதி. எனவே 210 மி.மீ. தாளில் 74 மி.மீ. பெட்டி அமையும். அதற்கு மூடி வேண்டுமானால் அடிப்பெட்டியின் தாளை ஐந்து மில்லிமீட்டர் குறைத்து வெட்டினாற் போதும். பெட்டி 2 மி.மீ. அளவுக்குச் சிறுத்து, மூடி இறுகாமல் ஏறும். சாதாரணத் தாளின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து முறை பாதி பாதியாக மடித்தால் 32 படலங்கள் சேர்ந்து 3 மி.மீ.க்கு மேல் தடித்துவிடும். 35 செ.மீ. தாளில் அந்தத் தடிப்பு ஒரு பொருட்டன்று, 7.5 செ.மீ. தாளிலோ கொக்கின் கழுத்து மூங்கிற் குச்சியாகிவிடும். விகிதத்துக்குக் கட்டுப்படாதவை இரண்டே: தாளின் கனமும் கையின் பிழையும். தாளின் அளவைத் தேர்வது இவ்விரண்டையும் உத்தேசித்தே ஆகும்.

வெட்டும் முறையைப் பற்றியும் சில வார்த்தை. கத்தரிக்கோலை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் ஒவ்வொரு கடியும் சிறிது வளைந்தே செல்லும். மடித்த கோட்டை நகத்தாலோ எலும்புத் தகட்டாலோ நன்கு அழுத்தி, மடிப்பினுள்ளே மழுங்கிய கத்தியைச் செலுத்தி அறுப்பது பழைய முறை. இரும்பு அளவுகோலை வைத்துப் பிளேடால் ஒரே இழுப்பில் கீறுவது புதிய முறை. வெட்டியபின் அது சதுரந்தானா என்று சோதிக்க அளவுகோல் வேண்டுவதில்லை. ஒரு மூலைவிட்டத்தில் மடித்து விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்; பிறகு நடுவில், எதிர் விளிம்பின்மேல் விளிம்பு வருமாறு மடித்துப் பார்க்க வேண்டும். மூலைவிட்ட மடிப்பு மட்டும் பொருந்தினால் தாள் பட்டம் போன்ற உருவமாகவும் இருக்கலாம். நடு மடிப்பு மட்டும் பொருந்தினால் ஒருபுறம் குறுகிய சரிவகமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒருங்கே பொருந்துவது சதுரம் ஒன்றுக்குத்தான். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுவதால், ஈரக் காற்றில் அது நார்களுக்குக் குறுக்கே அதிகமாகவும் நெடுகே குறைவாகவும் விரியும். மழை நாளில் வெட்டிய சதுரம் வெயில் நாளில் சிறிது நீள்சதுரமாவது வெட்டியவருடைய குற்றமன்று.

தாளை மடித்தே சதுரத்தை உண்டாக்கி, அச்சதுரத்திலிருந்து க்ஷேத்திர கணிதத்தின் பெரும்பகுதியை வருவித்துக் காட்ட முடியும் என்று கண்டவர், நம் சென்னை ராஜதானியில் வருவாய்த் துறை உத்தியோகத்திலிருந்த தண்டலம் சுந்தர ராவ். புரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர் வழியில் பால வகுப்புகளுக்கு வழங்கிய விளையாட்டுப் பொருள்களுள் எட்டாவதான வர்ணச் சதுரத் தாள்களைக் கண்டு, இவற்றைக்கொண்டு பெரியவர்களுக்கும் கணிதம் போதிக்கலாமே என்று எண்ணி, 1893-இல் சென்னையில் அடிசன் கம்பெனியார் மூலம் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஒழுங்கற்ற கிழிசல் காகிதம் ஒன்றை எடுத்து, ஒருமுறை மடித்து அறுத்தால் நேர்கோடு. அக்கோட்டைத் தன்மேலேயே மடித்தால் செங்கோணம். இவ்வாறே நான்கு பக்கமும் ஆனபின் மூலை மடித்தால் சதுரம் என்று தொடங்குகிறது அந்நூல். பின்னர் அவர் ஐங்கோணம் முதலிய உருவங்களையும், வளைகோடுகளையுங்கூட மடிப்பினாலேயே அமைத்துக் காட்டுகிறார். உத்தியோக அலைச்சலுக்கிடையே எழுதிய இந்தச் சிறு நூலை, ஜெர்மனியின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவரான பீலிக்ஸ் கிளைன் தம் சொற்பொழிவுகளில் குறிப்பிட்டார். அச்சொற்பொழிவுகளை மொழிபெயர்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் அதனால் தூண்டப்பெற்று, 1901-இல் சிக்காகோவில் அதை மறுபதிப்பாக வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்தோர் இன்று எத்தனை பேர்?

இத்தாலியில் அறிந்தவர் ஒருவர் இருந்தார். பண்டைய சரித்திர ஆராய்ச்சியாளரான யூலியுஸ் பெலோக்கின் புதல்வி மார்கெரீத்தா பெலோக், 1920-இல் பலெர்மோ பல்கலைக்கழகத்துக்கு வந்து, மிக்கேலே தெ பிரான்கிஸ் என்னும் கணிதப் பேராசிரியரிடம் பணியாற்றினார். அப்பல்கலைக்கழகத்தின் பழைய இல்லம், தியத்தீனத் துறவியரின் மடமாயிருந்து மாற்றப்பட்ட கட்டிடம். மக்கேதா வீதியின் ஓரத்தில், அல்பெர்கேரியாவின் எல்லைக்குள்ளேயே நிற்பது. பல்லாரோச் சந்தைக்குச் சில நிமிஷ நடை. 1927-இல் அவர் பெர்ராரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார். 1934-இல் அந்நகரில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, காகித மடிப்பு முறைக்கு உரியவராகச் சுந்தர ராவின் பெயர் இடம்பெற்றிருக்கிறது.

கனமூலத்தை மடிப்பினால் துல்லியமாகப் பெற இயலாது என்பதே சுந்தர ராவின் நூலிலிருந்து பெறப்படும் கருத்து. அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. கனசதுரம் ஒன்றின் கொள்ளளவை இரட்டிப்பதற்கு வேண்டிய நீளத்தை, அளவுக்குறியற்ற வரைகோலாலும் கவராயத்தாலும் மட்டுமே காணக் கிரேக்கர் காலந்தொட்டு எத்தனையோ பேர் முயன்றும் இயலவில்லை; அவ்விரண்டாலும் அது ஆகவே ஆகாது என்று 1837-இல் வான்ட்ஸெல் என்பவர் நிரூபித்திருந்தார். பெலோக் அம்மையாரோ, 1936-இல், மடிப்பின் சக்தி கவராயத்தின் சக்தியைக் காட்டிலும் பெரியது என்று காட்டிவிட்டார். இரண்டு புள்ளிகளையும் இரண்டு கோடுகளையும் எடுத்துக்கொண்டு, ஒரே மடிப்பில் முதற் புள்ளி முதற் கோட்டின்மேலும் இரண்டாவது புள்ளி இரண்டாவது கோட்டின்மேலும் ஏககாலத்தில் விழுமாறு தாளை நகர்த்தி நகர்த்திப் பொருத்துவதே அவர் கண்ட சூட்சுமம். அந்த ஒரு மடிப்பு முப்படிச் சமன்பாட்டைத் தீர்த்துவிடுகிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த இக்கண்டுபிடிப்பு, பதுவா நகரில் வாழ்ந்த ஜப்பானியரான ஹுஸிதா போன்றோரின் முயற்சியால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. ஓரிகாமியின் விஞ்ஞானத்தைப் பற்றிய முதற் சர்வதேச மாநாடு 1989-இல் அம்மையாரின் பெர்ராராவிலேயே நடைபெற்றது.

பெலோக் அம்மையாரின் அம்மடிப்பை, ஏ4 தாளில் வெட்டிய நமது 210 மி.மீ. சதுரத்திலேயே செய்து பார்க்கலாம். பீட்டர் மெஸர் என்பவர் 1980-களில் தந்த எளிய வழி இது. முதலில் உயரத்தை மூன்று சமபாகமாக்க வேண்டும். கீழ்-இடது மூலையிலிருந்து மேல்-வலது மூலைக்கு ஒரு மடிப்பும், மேல்-இடது மூலையிலிருந்து கீழ்விளிம்பின் நடுப்புள்ளிக்கு மற்றொரு மடிப்பும் இட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம், அதாவது சரியாக 70 மி.மீ. அவ்வுயரத்தில் ஒரு படுக்கைக் கோடும், மேல்விளிம்பை அதன்மேல் கொணர்ந்து மடித்தால் 140 மி.மீ. உயரத்தில் இன்னொன்றும் கிடைக்கும். இப்போது கீழ்-வலது மூலை இடப்பக்க விளிம்பின்மேலும், கீழ்ப் படுக்கைக் கோட்டின் வலது முனை மேல் படுக்கைக் கோட்டின்மேலும் ஒருங்கே அமரும்படி தாளைச் சரித்து அழுத்த வேண்டும். மூலை வந்து தொட்ட இடம் இடப்பக்க விளிம்பை இரண்டாகப் பிரிக்கும்; கீழ்ப்பகுதி ஏறக்குறைய 93 மி.மீ., மேற்பகுதி 117 மி.மீ. கீழ்ப்பகுதியைப் பக்கமாகக் கொண்ட கனசதுரத்தைப்போல், மேற்பகுதியைப் பக்கமாகக் கொண்டது சரியாக இரு மடங்கு கொள்ளும்.

சரியாக என்று சொன்னது சித்தாந்தத்துக்கு. கை அரை மில்லிமீட்டர் பிசகி, மூலை அவ்வளவு மேலே போய் அமர்ந்ததாக வைத்துக்கொண்டால், 210 மி.மீ. சதுரத்தில் இரண்டுக்குப் பதிலாக 1.94 மடங்கு வரும்; கடையில் விற்கும் 7.5 செ.மீ. சிறு தாளில் அதே பிசகுக்கு 1.84 வரும், 35 செ.மீ. தாளிலோ 1.97. ஆகையால் கொக்கு மடிப்பதற்கு ஏ5-இலிருந்து வெட்டிய சதுரம் தாராளமாகப் போதும் என்று சொல்லும் நான், இந்த ஒரு மடிப்புக்கு மட்டும் வீட்டிலுள்ள மிகப் பெரிய தாளை எடுத்துக்கொள்ளும்படி சொல்வேன்.